வலிக்கிறது என்று சொல்லப் பழகுதல்

பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதிகள் ஸ்பெயினுக்குக் குடிபெயரப் போகிறார்கள் என்ற செய்தியை அந்த வீட்டு அம்மாவே பின்வளவு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். நான் துவைத்த உடுப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். விடுமுறைக்குப் போன இரண்டு கிழமைகளைத் தவிர வேறு நாட்டில் இருந்து அறியாதவர்கள். சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் ரெண்டு தரம் செய்தனீங்கள்தானே. எங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தாருங்கோ" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் யார் எந்த மொழியில் பேசினாலும் எனக்குள் போய் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வெளியே வரும். தொழில் பழக்கம். நான் லண்டன் ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அதற்கு முதல் ஜெர்மனியில் இருந்தேன், அதற்கு முதல் ஊரில். அந்தக் கணக்கில்தான் நான் குடிபெயர்வதில் இரண்டு தரம் தேறியவள்.

லண்டனின் இல்ஃபோர்ட் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பெட்டிகளோடு வந்து இறங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கவுன்சில் அலுவலகம் எங்கே, டொக்டரிடம் எப்படிப் பதிவது, எந்தக் கடையில் நல்ல மிளகாய்த்தூள் என்று சொல்லியும் இருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆங்கிலேயப் பெண் வெளிநாட்டில் எப்படி வாழ்வது என்று என்னிடம் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை. உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு எப்போதுமே விருப்பம் உண்டு.

அடுத்த நாளே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுத் தொடங்கினேன். இங்கத்தைய கைபேசி எண்ணை விட்டுவிடாதீர்கள், வங்கி அந்த எண்ணுக்குத்தான் ரகசிய இலக்கம் அனுப்பும், எண் போனால் உங்கள் பணத்துக்கு நீங்களே அந்நியர். மருந்துப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாடமாக்குங்கள். வெயில் நாடு என்று கம்பளிக் காலுறையை வீசிவிட்டுப் போகாதீர்கள், வெயில் நாட்டு வீடுகள் மாரிக் குளிரில் உள்ளுக்குள்ளே விறைக்கும். மத்தியானம் கடை பூட்டினால் கோபிக்க வேண்டாம், ஊரோடு ஒத்தோடு.

அந்த அம்மா தன் கைபேசியில் வீடுகளின் படங்களைக் காட்டினார். எல்லாம் மலை உச்சியில், வெள்ளை வெளேரென்று, கீழே கடல் நீலமாக.

"கடல் தெரியுதா எண்டு பாக்காதேங்கோ. மருந்துக்கடை தெரியுதா எண்டு பாருங்கோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தான் வந்ததே அதைப் பற்றிக் கேட்கத்தான் என்றார். கணவருக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு தரம் அடைப்பு வந்து குழாய் வைத்திருக்கிறார்கள். அது வந்த நாளை அவர் எனக்கு விவரித்தார். நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்லாமல், புல்லு வெட்டி முடித்து, குளித்து, உடுப்பு மாற்றி, மனைவியோடு டொக்டரின் நிலையத்துக்கு நடந்து போயிருக்கிறார். அங்கே வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் குழந்தை அழுதது என்று தன் முறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். கடைசியில் அம்புலன்ஸ் வந்தபோது, "கொஞ்சம் அசௌகரியமாக் கிடக்கு" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டதும் அந்த அம்புலன்ஸ்காரர் ஒரு கணமும் தாமதிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டாராம்.

"அந்தப் பெடியன் இங்கத்தைய ஆள். அதால அவனுக்கு விளங்கினது. அங்க ஆருக்கு விளங்கும்?" என்று கேட்டார். "அங்க இவர் கொஞ்சம் எண்டு சொன்னால், கொஞ்சம் எண்டுதான் நினைப்பினம். இவர் கதிரையில இருந்தபடியே செத்துப்போவார்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சமும் அசையவில்லை. பிஸ்கட்டை உடைத்துத் தேநீரில் தோய்த்தார்.

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. என் வேலையே அதுதான், தலைகீழாக. முழங்கால் நோவோடு வரும் எங்கள் ஐயா ஒருவர், "சொல்லு பிள்ளை டொக்டரிட்டை, நான் செத்துப்போடுவன் எண்டு சொல்லு" என்பார். நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. நான் சொல்லுவேன். புதிதாக வந்த இளம் டொக்டருக்கு முகம் வெளுக்கும். பழைய டொக்டர் தலையை ஆட்டிவிட்டு முழங்காலை மடக்கிப் பார்ப்பார். ஜெர்மனியில் என் மகள் பிறந்தபோது நான் அம்மாவைக் கூப்பிட்டுக் குளறிய குளறலில், தாதி வந்து என் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். மற்றவர்கள் பயந்துவிடுவார்களாம். அடுத்த அறையில் இருந்தவள் மூச்சு மட்டும் விட்டுப் பிள்ளை பெற்றாள். கத்தினால் கதவைச் சாத்தும் ஊரும் இருக்கிறது, கத்தாவிட்டால் திரும்பியே பார்க்காத ஊரும் இருக்கிறது. போகும் ஊர் எது என்று முதலே அறிந்து வைத்திருப்பது நல்லது. அவர்கள் போக இருந்த ஊரைப் பற்றி நான் விசாரித்த அளவில், அது எங்கள் ஊர் மாதிரி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

அதனால் அந்த அம்மாவின் கணவரைப் பழக்குவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமைகளில் இருவரும் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசைக்கு வந்தார்கள். அவர் உயரமான மனிதர், ரயில்வேயில் சிக்னல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆபத்து நேரத்தில் குரல் உயரக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம் என்று அவரே சொன்னார். அந்தப் பாடத்தை அழிப்பது என் பொறுப்பாக வந்து சேர்ந்தது. நான் தாதியாக நடித்தேன். அவர் கதவைத் திறந்து வந்து நெஞ்சில் கை வைத்து, ஸ்பானிய மொழியில் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வந்தார். "மன்னிக்க வேணும், உங்களைக் கரைச்சல்படுத்திறன்" என்று தொடங்கினார்.

"வெளியால போங்கோ. மன்னிப்பு இல்லாமல் திரும்பி வாங்கோ."

திரும்பி வந்தார். ஸ்பானிய வசனத்தை நன்றாகவே பாடமாக்கியிருந்தார், உச்சரிப்பும் சுத்தம். ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும் குரலில் சொன்னார். நெஞ்சில் வைத்த கை தேசிய கீதத்துக்கு நிற்பவரின் கை மாதிரி இருந்தது. எனக்குப் பொறுமை குறைவு. "உங்களுக்கு நெஞ்சு நோகுதோ, இல்லாட்டி பத்திரிகை வாசிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சத்தம் போட்டால் மற்ற ஆக்கள் பயப்படுவினம்" என்றார் அவர்.

"பயப்படத்தான் வேணும்."

"எனக்கு முன்னால வந்த ஆக்கள் இருப்பினமே."

"இருக்கட்டும். அவைக்குத் தடிமன், மூக்கு வடியுது."

"அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். நான் மறுபடியும் கதவைக் காட்டினேன்.

என்னுடைய கணவர் இடையில் வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, நாடகம் பழக்கிறியோ?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும், ஓர் உதாரணம் காட்டுகிறேன் பாருங்கள் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்ரை அம்மாளாச்சி, நான் போறன்" என்று ஒரு குரல் எடுத்தார். அவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு கைதட்டினார். அதற்குப் பிறகு அவர் முயன்ற முயற்சிகளில் மிகச் சிறந்தது, கொஞ்சம் உரத்த ஓர் இருமல்.

அவர்கள் போனார்கள். மலை உச்சி வீட்டை விட்டுவிட்டு ஊருக்கு நடுவில் ஒரு மாடிவீடு எடுத்தார்கள். பலகணியில் நின்றால் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை தெரியும் என்று படம் அனுப்பினார்கள். கடல் தெரியவில்லை. கம்பளிக் காலுறைக்கு நன்றி என்று மாரியில் ஒரு செய்தி வந்தது. இங்கே அவர்களுடைய வீட்டில் வேறு குடும்பம் வந்து, வேலியை உயர்த்திக் கட்டிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், இரண்டு நோயாளிகளுக்கு இடையில் ஆஸ்பத்திரி நடையில் நின்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா அழைத்தார். எடுத்ததும் சொன்ன முதல் வசனம், கணவர் உயிரோடு இருக்கிறார் என்பது. நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுச் சுவரோடு சாய்ந்தேன்.

முந்தின கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்திருக்கிறார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டதாம். டாக்சி பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர் மேசைக்கு முன்னால் நின்று, மன்னிப்புக் கேட்காமல், நான் பழக்கிய வசனத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் இவ்வளவு அழகாகத் தங்கள் மொழியைப் பேசுகிறார் என்று அங்கிருந்த பெண் மகிழ்ந்து, புன்னகையோடு அவரை உட்காரச் சொல்லியிருக்கிறாள்.

மண்டபம் நிறைந்த ஆட்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் அவருக்காகச் சத்தமாகப் பேச இரண்டு உறவினர்கள். இவர் மட்டும் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து இருந்திருக்கிறார். பிறகு காலில் கட்டோடு ஒரு பெண் வர, எழுந்து அவளுக்குத் தன் கதிரையைக் கொடுத்திருக்கிறார். நெற்றியில் வேர்வை ஓடுகிறதாம்.

"நான் கத்துவம் எண்டு எழும்பினன்" என்றார் அந்த அம்மா. "வாயைத் திறந்தன். ஒண்டும் வரேல்லை. அவர் பழகினபோது நான் சிரிச்சனான்தானே. எனக்கும் ஏலாது. அண்டைக்கு அது எனக்குத் தெரியாது."

அந்த நிமிடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மண்டபத்தின் நடுவில் நிலத்தில் இருந்துவிட்டாராம். நல்ல கோட்டும் கைப்பையுமாக, காலை நீட்டி, வெறும் நிலத்தில். விரலைக் கணவர் பக்கம் நீட்டியபடி. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. ஆனால் அது போதுமாக இருந்திருக்கிறது. அங்கிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து, இவருக்கு வராத சத்தத்தைத் தாங்கள் போட்டிருக்கிறார்கள். கதவுகள் திறந்தன. அவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"அத்தினை ஆக்களுக்கு முன்னால நிலத்தில இருந்திட்டன். நினைச்சால் வெக்கமாக் கிடக்கு" என்றார்.

"எங்கட ஆக்களும் அதைத்தான் செய்வினம். ஒரு பிழையும் இல்லை" என்றேன். எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அதையும் சொன்னேன்.

பிறகு அவர் தொலைபேசியை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த கணவரின் பக்கத்தில் ஒலிபெருக்கியில் வைத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பரவாயில்லை, உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு நிச்சயம். அவருக்கும் மனைவிக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு வசனம்தான் எப்போதும் நடமாடும்.



"சரியா நொந்தது" என்றார். குரல் உயரவில்லை. "செத்துப்போவன் எண்டு நினைச்சன். இவளை இந்த ஊரில தனிய விட்டிட்டுப் போகப்போறன் எண்டு எனக்குப் பயம் பிடிச்சுது. இப்பவும் இரவில படுக்கப் பயமாக் கிடக்கு."

"இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை" என்றார் அந்த அம்மா. அவர் பேசியது என்னோடு அல்ல.

"ஓம். சொல்லேல்லை."

ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. இவர்கள் இருவருக்கும் ஒரே மொழி, ஒரே வீடு, ஒரே கட்டில். நான் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தொலைபேசியை வைக்க வேண்டும் என்று தெரிந்தும் கை போகவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா அழத் தொடங்கினார். வாய் விட்டு, பெரிய குரலில், என் பக்கத்தால் போன தாதி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்கும், மெதுவாக அழு என்று கணவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கதிரை ஒன்று நிலத்தில் உரசி அந்த அழுகைக்குக் கிட்ட நகரும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தொலைபேசியை வைத்தேன்.