அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்டார்

அப்பா ஜேர்மன் பிரஜையாக வேண்டிய நாளன்று விடியமுன்னமே எழும்பி எங்கள் கடிதங்களை மூன்று தரம் எண்ணி வைத்தேன். வடக்கில் வளர்ந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அரச அலுவலகம் என்றாலே பயம். அன்றைய பயம் அப்பாவை நினைத்து.

அப்பா இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், வாக்குரிமை வேண்டுமென்றால் தோட்டத்து ஆட்கள் 'இங்கேயே நிரந்தரமாக இருப்போம்' என்று எழுதிக்கொடுத்துச் சான்றிதழ் எடுக்கவேண்டுமாம். எழுதிக்கொடுத்தால் இந்தியாவில் இருக்கும் சொந்தம் அறுந்துவிடும் என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கப் பேச்சு. தாத்தா எடுக்கவில்லை. வெள்ளைக்காரன் போனபின் வந்த அரசாங்கம், தலைமுறையாக இலங்கையில் பிறந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. நேற்றுவரை பிரித்தானிய அரசரின் பிரஜைகளாக இருந்தவர்கள், ஒரு சட்டத்தோடு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அப்பாவும் கடைசி நேரத்தில் வேண்டாமென்று விடுவாரோ என்பதுதான் என் பயம்.

காரணம் இருந்தது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். பதில் வருமுன் அம்மா இறந்துபோனார்.

டோர்ட்மண்டில் எங்கள் மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணைதான் எங்களைக் காரில் கொண்டுபோனார்.

"ஐயா, இனி நீங்கள் ஜேர்மன்காரர். ஒரு நாய் வாங்கி, மழைக்குள்ளயும் கூட்டிக்கொண்டு நடவுங்கோ," என்றார்.

"நாய்க்கு மொதல்ல விசா இருக்கான்னு கேளு தம்பி," என்றார் அப்பா. அவர் சிரித்ததைக் கண்டு எனக்கு மூச்சு வந்தது.

அலுவலகத்தில், இந்நாட்டுச் சட்டத்தை மதிப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பிரஜாவுரிமைப் பத்திரம் தருவார்கள். நான் சொல்லி வாங்கினேன். அடுத்து அப்பாவின் முறை. அவர் எழுந்து நின்று, அதிகாரி அம்மையாரை விட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மாவோடதையும் குடுக்கச் சொல்லு."

"அப்பா, செத்தவைக்குக் குடுக்கமாட்டினம்."

"குடும்பத்தலைவன் பேருல ஒரே மனு. பொஞ்சாதி புள்ளைக எல்லாம் அதுலதான். அங்க நம்ம ஊருல அப்பிடித்தானே?"

"இஞ்ச ஆளுக்கு ஒண்டு அப்பா. சொல்லுங்கோ, உங்களைக் கும்பிட்டன்."

"அப்ப, இங்க பொதைச்சிருக்கோமே, அவ எந்த நாட்டுக்காரின்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மையார் பேனாவை மூடி வைத்தார். இறந்தவரின் விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும் என்று மெல்லச் சொன்னார்.

அப்பா மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தைச் சொல்லவில்லை. "அவ இல்லாதது எனக்கு வேணாம்," என்று உட்கார்ந்துவிட்டார். மனம் மாறினால் 'டெர்மின்' எடுத்து, அதாவது நாள் குறித்துக்கொண்டு, வரலாம் என்றார் அம்மையார். வயது எண்பத்தைந்து தாண்டியவருக்கு இன்னும் எத்தனை 'டெர்மின்' கிடைக்கும்?

வெளியே நடைபாதையில் நான் உடைந்து அழுதேன். அப்பா என் கையிலிருந்த பத்திரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாடில்லாத ஆளுகள ரெண்டு அரசாங்கமும் பிரிச்சு, எங்க அண்ணன இந்தியாவுக்கு அனுப்புனப்ப அவன் கையிலயும் இப்பிடி ஒரு பத்திரம் இருந்துச்சு. தலைமன்னார்ல நான்தான் கப்பலேத்திவிட்டேன். அப்புறம் பாக்கவே இல்ல." பிறகு என் தோளைத் தட்டினார். "அழாத. ஒனக்காவது ஒரு நாடு கெடைச்சிச்சு. பத்திரமா இரு."

அண்ணனைக் கப்பலேற்றியதுபோல என்னையும் வழியனுப்புகிறார். நான் எங்கேயும் போகவில்லை அப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.