மண்டியம்மா கேட்ட வெள்ளை

மண்டியம்மா, அலமாரிக் கதவில் ஒட்டுகிற அடர் பழுப்பு மைக்காத் துண்டு ஒன்றை எடுத்துக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வந்து டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, "ரெண்டும் சேர்ற எடம் தெரியுதா ஆத்தா?" என்று என்னைக் கேட்டார். மண்டியம்மாவைப் பற்றிய என் முதல் ஞாபகம் அதுதான். "தெரியுதாவா? கண்ணைக் குத்துதும்மா" என்றேன். "அப்ப அதையே போடு" என்றார். திண்டுக்கல் பழநி ரோட்டில் வீடுகளுக்கு அலமாரி, கட்டில், சமையலறை எல்லாம் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. அடம்பிடிக்கும் ஆட்களுக்கு அங்கே பஞ்சமில்லை. இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டேன்.

அவர் நிலக்கோட்டையில் பூக் கமிஷன் மண்டி நடத்தியவர். கணவர் போன பிறகும் அந்த மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஆம்பளை வியாபாரிகளைக் குரலாலேயே அடக்கி வைத்திருந்தவர் என்று சொல்வார்கள். மண்டியைக் கொழுந்தன் கையில் விட்டுவிட்டு, ஆத்தூர் போகிற பாதையில் தனக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். ஒரே மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் கடைப் பையன்களுக்கும் அவர் மண்டியம்மாதான்.

அவர் கேட்டவையெல்லாம் ஊரில் யாரும் கேட்காதவை. எல்லோரும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வேண்டும் என்று கேட்டு வரும் காலத்தில், இவருக்குப் பளபளப்பே ஆகாது. அலமாரிக் கதவுகள் மங்கலான வெள்ளை, ஒவ்வொரு கதவுக்கும் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்புப் பட்டி. சமையல் மேடைக்குச் சொரசொரப்பான கறுப்புக் கல். இழுப்பறைகளுக்கு ஒரே மாதிரிக் கைப்பிடி கூடாது, ஒன்று உருண்டை என்றால் அடுத்தது நீளம், அதற்கடுத்தது பிறை. என் ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கூடாரத்துக்கு வேல பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கதவு மாட்டிய அன்று மண்டியம்மா வந்திருந்தார். அவருக்குப் பக்கவாட்டில் நின்றபடி அளவு நாடாவின் முனையை நீட்டி, "இதைச் செத்தப் பிடிங்கம்மா" என்றேன். அவர் பிடிக்கவில்லை. இன்னும் நீட்டினேன், ஏறக்குறைய கன்னத்தில் இடிக்கிற தூரத்தில். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, "அம்மா, உங்களுக்குக் கண்ணு..." என்று இழுத்தேன்.

"ரெண்டு பக்கமும் போயிருச்சு. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி நடுவுல மட்டும் தெரியும். பளபளப்பு இருந்தா அதுவும் போயிரும்" என்றார், கத்தரிக்காய் விலை சொல்வது போல. மதுரையில் பார்த்தாகிவிட்டதாம், வைத்தியம் இல்லையாம். "எம் மகனுக்குத் தெரியாது. தெரிஞ்சா மறுநாளே வண்டி கொண்டாந்துருவான். நல்லவந்தான், அம்புட்டுப் பாசம். அங்க ஏழாவது மாடியில கட்டில்ல உக்காந்துக்கிட்டு, தண்ணி குடிக்கணும்னாலும் யாராச்சும் வரமாட்டாகளான்னு பாத்துக்கிட்டு இருக்கணும். நான் இங்க எங் கையால பொங்கித் தின்னுட்டுப் போயிர்றேன். நீ வாயத் தொறந்துராத."

அந்தச் சர்க்கஸ் கூடாரம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழுப்புப் பட்டி கதவு எங்கே முடிகிறது என்று காட்டும். கறுப்புக் கல் மேல் வெள்ளைப் பீங்கான் தெரியும். உருண்டைக் கைப்பிடிக்குப் பின்னால் கரண்டி, பிறைக்குப் பின்னால் கத்தி. வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையசைத்தேன். பிறகு அவருக்கு அது தெரிந்திருக்காதோ என்று, "சொல்ல மாட்டேம்மா" என்றும் சொன்னேன்.

புது வீட்டை ஜெபித்துத் திறக்கும் மந்திரிப்புக்கு மாதா கோயில் பங்குச்சாமியாரிடம் நாள் கேட்டு, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் மண்டியம்மா ஒரு கல்யாண வேலையாக நிலக்கோட்டைக்குப் போய் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். மகன் சென்னையிலிருந்து முன்னதாகவே வந்து வீட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். அம்மா வாழ்நாளெல்லாம் உழைத்துக் கட்டிய வீட்டில் சமையலறை இப்படியா இருப்பது, வருகிற சொந்தமெல்லாம் என்ன நினைக்கும் என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. மதுரையிலிருந்து வேறு ஆட்களைக் கூட்டி வந்து, அந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். என்னிடம் சொன்னால் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்று எனக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தானாம்.

மந்திரிப்பு அன்று காலையில் உள்ளே நுழைந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கதவெல்லாம் கண்ணாடிபோல மின்னும் வெள்ளை. கைப்பிடியே கிடையாது, விரலால் அழுத்தினால் திறக்கும். மேடை வெள்ளைக் கல். மேலே வரிசையாக விளக்குகள். சென்னை வீடுகளில் இருப்பதுபோல அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மண்டியம்மாவைத் தேடி வாசலுக்கு ஓடினேன். அதற்குள் மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாமியாருக்குப் பின்னால் அழைத்து வந்துகொண்டிருந்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள். எதைச் சொல்வது, யார் காதில் சொல்வது?

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன்.

மண்டியம்மா வாசற்படியிலேயே நின்றார். அவர் முகத்தில் அந்த வெளிச்சம் முழுக்க அடித்தது. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நல்லா இருக்குப்பா" என்றார்.

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பால் காய்ச்ச வேண்டும். அடுப்பை மகனே பற்றவைத்துவிட்டான், அந்த மட்டில் எனக்கு உயிர் வந்தது. பித்தளைப் பாத்திரம் அடுப்பில் இருந்தது. பால் சொம்பை அவர் கையில் கொடுத்தார்கள். நான் கூட்டத்தை விலக்கி முன்னே போகப் பார்த்தேன், ஒரு அம்மாள் "பொறும்மா, போட்டோ எடுக்குறாக" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். மண்டியம்மா சொம்பைச் சாய்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் விழுவது யார் கண்ணிலும் படவில்லை. பால் மேடை ஓரத்தைத் தாண்டி, சொட்டுச் சொட்டாகச் சாமியாரின் காலில் விழுந்தபோதுதான் கைதட்டல் நின்றது. மண்டியம்மா மட்டும் இன்னும் ஊற்றிக்கொண்டே இருந்தார், பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

"அம்மா" என்றான் மகன். அவர் காலிச் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். அங்கே மேடை இருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"தெரியலப்பா. இந்த வெள்ளையில எனக்கு ஒண்ணுமே தெரியல. முன்னால போட்டிருந்ததுல தெரிஞ்சுச்சு" என்றார்.

மகன் தரையில் உட்கார்ந்து, உடுத்தியிருந்த புது வேட்டி நுனியால் பாலைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே அழுதான். அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. அன்று சாயங்காலம் அம்மாவும் மகனும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் அவன் இறங்கி வந்தான். பழையபடியே மாற்றித் தருகிறேன், ஆனால் முழுக்கப் பார்வை போகிற அன்று ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அவர் சரி என்றார். மறுவாரம் நானே போய்ப் பழுப்புப் பட்டி, கறுப்புக் கல், உருண்டை, பிறை எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு சில வருஷங்கள் அவர் அந்த வீட்டில் ராணி மாதிரி இருந்தார். சேவுகம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள், சமையலில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டார். மகன் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

போன மாதம் போன் செய்து, "மைக்கா மாத்தணும் ஆத்தா, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கதவு கூட இறங்கவில்லை, ஒரு பட்டி கூடப் பெயரவில்லை.

"நல்லாத்தானம்மா இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

"வெள்ளை போடு. அன்னைக்கு அவன் போட்டானே, அதே மாதிரி பளபளன்னு. கல்லும் வெள்ளையா இருக்கட்டும். கைப்பிடிய மட்டும் தொடாத."

"வெள்ளையில உங்களுக்குத் தெரியாதேம்மா."

அவர் முகம் என் முகத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. "இதுலயும் தெரியல ஆத்தா" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அவரே சொன்னார். "கொஞ்சங் கொஞ்சமா அடைச்சுக்கிச்சு. அவன்ட்ட இன்னும் சொல்லல. வெள்ளையில நான் பொழங்குறதப் பாத்தா, கண்ணு தேவலையாயிருச்சுன்னு நெனச்சுக்குவான். இன்னுங் கொஞ்ச நாளைக்கு இங்கயே இருந்துருவேன்."

தீ, கத்தி, வழுக்கும் தரை என்று எனக்குத் தெரிந்த பயத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், கொஞ்சம் அதட்டவும் செய்தேன். அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். விரல் கைப்பிடியைத் தொட்டு நகர்ந்தது, டம்ளரின் விளிம்பைத் தொட்டு நின்றது. காபியை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "சீனி போதுமா?" என்றார். போதுமாகத்தான் இருந்தது.

நேற்று மகன் போனில் கூப்பிட்டான். "அக்கா, அம்மா வெள்ளை கேட்டாகளாமே? கண்ணு தேவலையா இருக்கா?" அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்தது போல இருந்தது.

"போயிருந்தேன் தம்பி. அவுகளே காபி போட்டுக் குடுத்தாக. ஒரு சொட்டுச் சிந்தல" என்றேன்.

"போதும்க்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டு வைத்தான். நான் சொன்னது பொய்யில்லை. வெள்ளைக் கல் வந்து கடை வாசலில் நிற்கிறது, நாளைக் காலையில் ஆள் அனுப்புகிறேன்.