நெசசரிக்கு எத்தனை சி?

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நிற்கிறேன். போனில் மகள். நாளைக்கு அவளுக்கு இங்கிலீஷ் பரீட்சை.

"அப்பா, நெசசரி ஸ்பெல்லிங்ல எத்தனை சி, எத்தனை எஸ்?"

இங்கிலீஷில் நான் புலி என்று வீட்டில் அளந்துவைத்திருக்கிறேன். புலிக்கு இப்போது வியர்த்துக் கொட்டுகிறது.

"ஹலோ... தொப்பூர் கணவாய்ல போறேன் கண்ணு, சிக்னலே இல்ல!" என்று கத்துகிறேன்.

கூடைக்கார அம்மா முறைக்கிறார். "ஏனுங்க, தொப்பூர் எங்க கெடக்குது, நீங்க எங்க நிக்கறீங்க?"

"மெதுவாப் பேசுங்கம்மா, மானம் போவுது."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நிற்கிறது. "மாரண்டஹள்ளியெல்லாம் எறங்குங்க!" கண்டக்டருக்கு வெண்கலத் தொண்டை.

அவசரமாகப் போனைக் கையால் பொத்துகிறேன்.

"சரிப்பா," என்கிறாள் மகள். "நீங்க கணவாயப் பத்திரமாத் தாண்டுங்க. நான் அம்மாவக் கேட்டுக்கறேன்."