காற்று மெத்தைக்கு நான் போட்ட காவல்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்தது. இல்லை என்றவர்கள் பொய் சொன்னார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்தியதில்லை. என் கணவர் காவிரிப் பாலத்தருகே சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அது பெரிய விஷயமாயிற்று.

மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு சேர்ந்துவிடும், முதுகைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் உரிந்து படுக்கைப் புண் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதற்காக என் தம்பி, கோட்டைப் பக்கம் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு ரப்பர் காற்று மெத்தை வாங்கி வந்தான். சைக்கிள் பம்ப்பால் அரைமணி நேரம் அடித்தால் உப்பிக்கொள்ளும். தெருவே வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனது.

மெத்தை சரி, பூச்சி? கடித்தால் மனுஷன் சொறியாமல் இருக்க மாட்டார். நகம் பட்டால் தோல் போகும், தோல் போனால் புண். வழக்கமான வைத்தியம் கட்டில் இடுக்கில் மண்ணெண்ணெய் விடுவது. மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வெயிலில் போடலாமென்றால் திருச்சி வெயிலுக்கு ரப்பர் வெடித்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடக் கூடாதே.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. என்னால் முடியாதது ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கட்டிலைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டு மூன்று நாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். பிறகு கூடத்தில் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். நாலு காலுக்கும் அடியில் தகர டப்பா, டப்பா நிறையத் தண்ணீர். பூச்சி ஊர்ந்தால் கண்ணில் படட்டும் என்று மெத்தைக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்தேன். மூன்று வாரம் ஒரு பூச்சி ஏறவில்லை. தினமும் அவரைக் கொஞ்சம் ஒருக்களித்து முதுகைப் பார்ப்பேன். தோல் மழமழவென்று இருக்கும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நாலாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை உறையில் ஒன்று. நசுக்கினேன். மறுபடி அடுத்த ஞாயிறு இரண்டு. மற்ற நாட்களில் ஒன்றுகூட இல்லை. அதென்ன பூச்சிக்குக் கிழமை தெரிகிறது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது.

என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், சினிமாப் பைத்தியம். அந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் டவுனில் மாட்டினி பார்த்துவிட்டு, நேரே பஸ் ஏறி வந்து, கட்டிலில் உட்கார்ந்து கதையை முழுசாகச் சொல்வார். நாற்காலி போட்டுப் பார்த்தேன். சண்டைக் காட்சி வந்ததும் கட்டிலுக்கு வந்துவிட்டார். அந்நாளைய தியேட்டர் நாற்காலிகளில் எது குடியிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் கணவர் புதன்கிழமையிலிருந்தே சனிக்கிழமைக்குக் காத்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அந்த நண்பரை வாசலிலேயே மறித்தேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

"நேரா கிணத்தடிக்குப் போங்கோ. கட்டிண்டிருக்கிற துணியோட நாலு வாளி தலையில விட்டுக்கோங்கோ. மாத்திக்க வேஷ்டி நான் தரேன்."

துணியோடு குளித்தால்தான் மடிப்பிலிருக்கும் பூச்சியும் போகும் என்பது என் கணக்கு. பாவம், அந்த நல்ல மனுஷர் முகம் சுளிக்காமல் போனார்.

எங்கள் தெருவில் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவர் கட்டிய துணியோடு தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாவு. அதுவும் மூன்று மாதம் படுக்கை என்று சொல்லப்பட்டவர் இருக்கும் வீட்டில். இது எனக்குத் தெரியாததா? அன்றைக்குப் பூச்சியைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி கொல்லை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறாள். தலைவிரி கோலமாகக் கொல்லைக் கதவு வழியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தச் சின்ன வயசுல உனக்கு இப்படி ஆயிடுத்தேடி" என்று குரலெடுத்து அழுதாள்.

அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் முன்புதான் சர்க்கரை கம்மியாகப் போடு என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்திருந்தார். அந்தக் காப்பிதான் என் கையில் இருந்தது. மாமி ஏன் அழுகிறாள் என்பதுகூட எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்தும் டம்ளரைப் போட்டுவிட்டு, அவள் கையை உதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் அவர் மார்பில் கையை வைத்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

"ஏண்டி இப்படி ஓடி வரே? யார் போயிட்டா?" என்றார்.

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து ஒருவரிடமும் காட்டாத அழுகை அத்தனையும் வந்துவிட்டது.