கேட்டில் தொங்கிய நரி

டாரில் பிட்ச்ஃபோர்டின் வாயை அடைக்க நியூ சவுத் வேல்ஸின் அந்தப் பள்ளத்தாக்கில் ஆளே கிடையாது. உடல்சூட்டை வைத்து இருட்டிலும் உருவம் காட்டும் தெர்மல் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டிய நாளிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துப் பண்ணை நோரீனோ, இரவில் நரி தேட, தன் பிக்கப் வண்டிக் கூரையிலிருக்கும் பழைய சிவப்பு விளக்கை விடுவதாயில்லை.

“என்ன நோரீன், கிறிஸ்துமஸ் முடிஞ்சு எத்தனை மாசமாச்சு, இன்னும் பல்பைக் கழட்டலையா?”

“போடா, உன் பொம்மைக்கு பேட்டரி தீந்தா இந்த பல்பைத் தேடித்தான் வருவே.”

ஆகஸ்டில், செம்மறியாடுகள் குட்டிபோடும் நேரத்தில், நோரீனின் குட்டிகள் குதறப்பட்டுக் கிடந்தன. நரி வேலையென்று டாரிலைக் கூப்பிட்டாள். இரவில் இருவரும் பிக்கப்பின் பின்தட்டில் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள்.

“வந்துட்டான்!” என்று விசையில் விரல் வைத்த டாரில், உடனே விரலை எடுத்துக்கொண்டான். ஸ்கோப்பில் தெரிந்த வெள்ளை உருவம் பின்னங்காலை இழுத்து இழுத்து ஓடியது. மாடு மிதித்து ஒரு கண்ணும் போய், காலும் நொண்டியான நாய் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அவனுடைய பிப்.

ஆட்டு ரத்தத்தில் ருசி கண்ட நாயை வளர்த்தவனே சுட வேண்டும். அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. போன வருஷம் இன்னொருவன் நாய் மாட்டியபோது, “நானா இருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்” என்று ஊர் மதுக்கடையில் முழங்கியவனும் இதே டாரில்தான்.

நோரீன் சிவப்பு விளக்கைப் போட்டுத் திருப்பினாள். அவன் அவசரமாகத் தரையில் சுட்டான். உருவம் இருட்டில் மறைந்தது.

“நரிதான். பட்டுருச்சு. காலைல தேடி எடுத்துடறேன்.”

“சரி” என்று நோரீன் விளக்கை அணைத்தாள்.

வீட்டு வாசலில் பிப் வாலாட்டியது. பல்லிடுக்கில் கம்பளி ரோமம். குழாயடியில் அதன் வாயைக் கழுவிச் சங்கிலியில் கட்டினான். அழுகை வந்தது, அதைவிடத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் என்ன? விடிந்ததும், போன வாரம் சுட்டு, ஊர் வழக்கப்படி தன் வேலியில் மாட்டியிருந்த நரியை அவிழ்த்துப் போய், ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி நோரீனின் கேட்டில் கட்டிவிட்டான்.

போகிறவர்கள் ஹார்ன் அடித்துப் பாராட்டினார்கள். நோரீன் பழக் கேக் சுட்டு அனுப்பினாள். பிப் கட்டிக் கிடந்ததால் குட்டிகள் சாவதும் நின்றுவிட்டது. பொய் இத்தனை நன்றாகப் பலித்ததுதான் அவனைத் தின்றது.

கேக் தட்டைத் திருப்பித் தரப் போனபோது நோரீன் ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பிப்பைக் கட்டிப் போட்டிருக்கியாமே?”

“ஆமா... கால் வலி அதுக்கு.”

“டாரில், உன் பொம்மைல சூடுதான் தெரியும். என் விளக்குல கண்ணு மின்னும். அன்னைக்கு ஒரே ஒரு கண்ணுதான் மின்னுச்சு.”

டாரில் தட்டைக் கீழே வைத்தான். “அப்ப... நீ ஏன் சுடலை?”

“உன் நாய். நீயே வாயைத் திறந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ என்னடான்னா செத்த நரியைக் கொண்டாந்து தொங்கவிட்டே. சரி, கேக் குடுத்தாவது உனக்கு உறைக்குதான்னு பாப்போம்னேன். அதையும் வாங்கி வச்சுக்கிட்டே.”

“நோரீன், நான் வந்து...”

“நாயை என்ன பண்ணணும்னு உனக்கே தெரியும். முதல்ல அந்தப் பொய்யை என் கேட்டுலேருந்து கழட்டு.”

கழற்றினான். கம்பி விரலைக் கிழித்தது. அந்த நேரம் பார்த்து வந்த பால் லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, “சபாஷ் டாரில்!” என்று கத்தி, நீளமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். டாரில் தலை தூக்கவில்லை.