வாத்தியாருக்கு ஒரு லாயம்

அண்ணி போனில் சொன்னதை நான் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். தனக்கு எங்கள் ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, இன்னும் ஆறு வாரத்தில் வந்துவிட வேண்டும், வீடு பார்ப்பதை அண்ணன் கவனித்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, "வாத்தியாருக்குத்தான் நல்ல எடமா பாக்கணும். நீ கொஞ்சம் விசாரிச்சு வை" என்றார். வயதான ஆசிரியர் யாரையோ கூடவே அழைத்து வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் தெருவில் மாடி அறையை வாடகைக்கு விடுகிறவரிடம் பேசியும் வைத்துவிட்டேன். தனி ஆளா, படி ஏறுவாரா, சைவமா என்று அவர் கேட்டதற்கெல்லாம் தெரிந்த மாதிரி பதிலும் சொன்னேன். இதை அண்ணனிடம் சொன்னபோது மறுமுனையில் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. சைவம்தான் என்றார் கடைசியில். வாத்தியார் என்பது அண்ணியின் குதிரை.

அண்ணியிடம் ஒரு குதிரை இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு அப்படி ஒரு பெயர் என்பதுதான் தெரியாது. தனக்குப் பிடித்ததைப் பற்றி அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அண்ணி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வீடு, கடைவளாகம் என்று எங்கே லிஃப்ட் ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை இவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது தொடர்ந்து ஓடலாம். லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரும்புக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வேலை. கட்டடக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். குறை எழுதுவதில் ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டார்.

முப்பத்தெட்டு வயதில் திடீரென்று குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்த குதிரையேற்றப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பழுப்பு நிறக் குதிரைதான் வாத்தியார். பன்னிரண்டு வருடம் அதன் முதுகில் உட்கார்ந்து எத்தனையோ குழந்தைகள் பயம் தெளிந்தார்கள். அண்ணி முதல் மாதத்திலேயே இரண்டுமுறை கீழே விழுந்தார். இரண்டுமுறையும் அது ஓடாமல், அவர் எழுந்திருக்கும்வரை அதே இடத்தில் நின்றதாம். பிறகு அதன் வலது கண்ணில் நோய் வந்து பார்வை போயிற்று. சில மாதத்தில் அந்தப் பள்ளியையும் மூடினார்கள். மற்ற குதிரைகளுக்கு ஆள் வந்தார்கள். ஒற்றைக் கண் குதிரைக்கு யாரும் வரவில்லை. அண்ணி வீட்டில் யாரிடமும் கேட்காமல் போய் அதைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு வந்து, அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தகவல் மட்டும் சொன்னார். அண்ணன் குதிரை என்றாலே காத தூரம் ஓடுவார். இருந்தாலும், "சரி, வீட்டுக்குள்ள கொண்டு வராத வரைக்கும் எனக்கு சம்மதம்" என்றாராம்.

இப்போது அதற்குப் பத்தொன்பது வயது. இந்த வயதில் ஊர் மாறுவது மனிதர்களுக்கே கஷ்டம்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது நான்கு கால் என்பதுதான். அண்ணி ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். மாதம் எவ்வளவு என்ற கேள்வியே அதில் கடைசியில்தான் இருந்தது. வேலி எதனால் ஆனது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளியே விடுவீர்கள்? ஆட்கள் போன பிறகு அங்கே தங்குவது யார்? குதிரை டாக்டர் வந்துசேர எவ்வளவு நேரமாகும்? மத்தியான இடைவேளைகளில் ஒவ்வொரு லாயமாகக் கூப்பிட்டேன். ஏழு இடத்தில் மூன்று பேர்தான் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஒருவர், "பொண்ணு கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை அண்ணி வந்து இறங்கினார். என் காரில் கிளம்பினோம்.

முதல் லாயம் பார்க்க மாளிகை மாதிரி இருந்தது. வரவேற்பறையில் தோல் சோபா, கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். மேலாளர் பளபளக்கும் பூட்ஸோடு வந்து காபி கொடுத்தார். அண்ணி குடித்து முடித்துவிட்டு, தீவனம் வைக்கிற அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கதவில் ஒரு சின்னக் கொக்கிதான் இருந்தது. அதை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி, குதிரை மூக்காலேயே இதைத் திறந்துவிடும், உள்ளே போய் மூட்டை மூட்டையாகத் தின்றால் வயிறு அடைத்துச் செத்துப்போகும் என்றார். எங்கள் குதிரைகள் அப்படியெல்லாம் செய்யாது, நல்ல பயிற்சி பெற்றவை என்று மேலாளர் சிரித்தார். அதன் பிறகு அண்ணி குதிரைகள் எதிரே பத்து நிமிடம் சும்மா நின்றார். பதினொரு குதிரைகளில் மூன்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தன. ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி அழகாக இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

காரில் ஏறியதும், "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்க, அண்ணி" என்றேன்.

"சுத்தம்தான். ஆனா நாள் பூரா அடைச்சு வெச்சிருக்காங்க. பொழுது போகாம தவிக்கிற குதிரதான் அப்படி ஆட்டும்" என்றார்.

இரண்டாவது இடத்தில் விசாலமான புல்வெளி. சுற்றிலும் முள்கம்பி. வலது பக்கம் பார்வை இல்லாத குதிரை முள்கம்பியின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அந்த மனிதர் எங்களுக்காக வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தார். அதனால் அண்ணி அவருடைய குதிரைகளை எல்லாம் பார்த்து, ஒவ்வொன்றின் வயதையும் கேட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

மூன்றாவது லாயத்தை நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. முன்பு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். அங்கே சோபாவும் இல்லை, கோப்பையும் இல்லை. தண்ணீர் வாளிகளைப் பாசியில்லாமல் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். எந்தக் குதிரைக்கு என்ன தீவனம், என்ன மருந்து என்று சுவரில் பலகை மாட்டி எழுதியிருந்தார். நாங்கள் உள்ளே போனதும் குதிரைகள் புல்லை மென்றுகொண்டே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னப் போய்விட்டன. அண்ணியின் முகம் மலர்ந்ததை அன்று முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இருப்பது பதினான்கு இடம், பதினான்கும் நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர்.

நானாக இருந்தால் கெஞ்சியிருப்பேன். பத்தாவது ஆளாகவாவது பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அண்ணி சற்று யோசித்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

"நீங்க ஒரு மாசம் ஊர்ல இல்லன்னு வெச்சுக்குங்க. இந்த எடமும் இல்ல. உங்க சொந்தக் குதிரைய யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?"

நர்ஸம்மா கையில் இருந்த துணியை இரண்டுமுறை மடித்தார். பிறகு, "லாயம்னு சொல்ல முடியாது. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர். ஒரே ஒரு குதிரதான் வெச்சிருக்காரு. ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு செத்துப்போச்சு. வெளி ஆளுங்க குதிரைய அவரு எடுத்ததே இல்ல. போய்க் கேளுங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்றார்.

போர்டு கூட இல்லாத இடம். டிரைவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. தன்னுடைய வெள்ளைப் பெண் குதிரை ஒன்றே தனக்குப் போதும், வெளியார் சகவாசம் வேண்டாம் என்றார். அண்ணி மறுத்துப் பேசாமல், அந்தக் குதிரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அது வேலி ஓரமாக ஒரே இடத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணை போனதிலிருந்து இப்படித்தான் நிற்கிறது, சரியாகத் தின்பதும் இல்லை என்று டிரைவரே மெல்லச் சொன்னார். அவர் குரல் அங்கே இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணி பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒற்றைக் கண் குதிரைக்கு அந்த இடத்தில் என்னென்ன ஆபத்து என்று வரிசையாக எழுதி, தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். மொத்தம் பதினொரு குறை. தாழ்ந்த உத்தரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, ஆடுகிற கீல் என்று ஒன்றும் பாக்கியில்லை. டிரைவர் முகம் சிவந்துவிட்டது.

"முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேம்மா. என்மேல ஒரு புகார் வந்ததில்ல" என்றார்.

"உங்கமேல புகார் இல்லைங்க. கதவுமேலதான்" என்றார் அண்ணி.

திரும்பி வரும்போது, இருந்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொண்டீர்களே என்று நான் சண்டை பிடித்தேன். அண்ணி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, சொல்லாமல் விட்டு நாளைக்குக் கண்ணில் ஆணி குத்தினால் அவருக்கும் கஷ்டம்தானே என்றார். அண்ணிக்கும் பயம் இருந்தது. விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தார்.

ஆறாம் நாள் டிரைவர் எனக்குப் போன் செய்தார். ஒன்பது குறையைச் சரிசெய்துவிட்டேன், மீதி இரண்டும் குறையே இல்லை, உங்கள் அண்ணியை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அண்ணி நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தார். இருவரும் அளவு நாடாவை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினார்கள். ஒன்றில் அண்ணி தோற்றார், இன்னொன்றில் அவர் தோற்றார். வாத்தியாருக்கு இடம் கிடைத்துவிட்டது.

மாத ஆரம்பத்தில் குதிரை ஏற்றும் லாரியில் அது வந்து இறங்கியது. அண்ணி அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாகவே நடந்தார். ஒருமுறை இடமாக, ஒருமுறை வலமாக, மறுபடி இடமாக. எது எங்கே இருக்கிறது என்று அதற்கு மனப்பாடம் ஆகும்வரை விடவில்லை. வெள்ளைக்காரி என்று டிரைவர் கூப்பிடும் அந்தப் பெண் குதிரை முதல் நாளே வாத்தியாரின் கழுத்தில் ஒரு கடி கடித்தது. நாலாம் நாள் இரண்டும் ஒரே புல்கட்டில் தின்றன. வெள்ளைக்காரி சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

ஆனால் வாத்தியார் படுக்கவில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் நல்ல தூக்கம் வேண்டுமென்றால் படுத்தாக வேண்டும், பயமிருந்தால் படுக்காது. இதை அண்ணிதான் எனக்குச் சொன்னார். தினமும் விடியற்காலை வேலைக்குப் போகும் வழியில் வந்து அதன் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றும் ஒட்டியிருக்காது. இரண்டு வாரத்தில் அதன் முழங்கால் நின்றபடியே மடங்க ஆரம்பித்தது. தூக்கத்தில் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிரும். டாக்டர் வந்து பார்த்து, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அண்ணிக்கு வீட்டிலும் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று அண்ணன் வருத்தப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்தார். நான் சாப்பாடு கொண்டு போனபோது என்னைப் பேச வேண்டாம் என்று சைகை செய்தார். நாள் முடிவில்தான் அவருக்குப் பிடிபட்டது. வெள்ளைக்காரியின் கொட்டடி வாத்தியாருக்கு வலது பக்கம், அதாவது பார்வை இல்லாத பக்கம் இருந்தது. அது காலை அசைக்கும்போதெல்லாம் சத்தம் கேட்டு இது உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தது. நாளெல்லாம் காவலுக்கு நிற்கிற மாதிரி ஆகிவிட்டது அதன் நிலை. கேட் பக்கம் வருகிறவர்கள் அதன் இடது கண்ணில் படட்டும் என்று வாத்தியாருக்கு அந்தக் கொட்டடியைத் தேர்ந்தெடுத்தவரே அண்ணிதான்.

டிரைவரிடம் போய், "தப்பு என்னோடதுங்க. எடத்த நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

மாற்றுவதென்றால் வெள்ளைக்காரியை அது பதினொரு வருடமாக இருந்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். அண்ணி அதைக் கேட்கவில்லை. நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வைக்க முடியுமா என்றுதான் கேட்டார். டிரைவர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் அண்ணி போனபோது இரண்டு குதிரைகளும் இடம் மாறியிருந்தன. வெள்ளைக்காரி கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் எதுவும் நடக்காத மாதிரி வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கு மூன்றாம் நாள் காலை, அண்ணி ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தபோது போன் வந்தது.

"அம்மா, வாத்தியார் கால நீட்டிப் படுத்திருக்காரு" என்றார் டிரைவர். வயிற்று வலியோ என்று அண்ணி பயந்துவிட்டார். "கொறட்ட விடறாரு. எழுப்பட்டுமா?"

"வேணாங்க. நீங்களும் சத்தம் போடாம வெளிய வந்துடுங்க" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். உடனிருந்த மெக்கானிக், தண்ணீர் வேண்டுமா மேடம் என்று கேட்டிருக்கிறார். கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டதாக அண்ணியே எங்களிடம் சொன்னார்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. வாத்தியாருக்கு இப்போது பற்கள் தேய்ந்துவிட்டன. காய்ந்த புல்லை ஊறவைத்துத்தான் கொடுக்கிறார்கள். அரை மணி ஊறினால் போதும் என்பது டிரைவர் கட்சி. ஒரு மணி நேரம் என்பது அண்ணி கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். நான் எந்தக் கட்சி என்று இருவரும் கேட்பார்கள். நான் வாத்தியாரின் இடது பக்கமாகப் போய் நின்று அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.