புளி போட்டுத் துலக்கிய வெண்கல முகம்

ரங்கூனில் ஓர் ஏலக் கடையில் நான் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். சீமைக்குத் திரும்பும் துரைமாரின் வீட்டுச் சாமான்கள்தான் பெரும்பாலும் வரும். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் பிரெஞ்சு வெண்கலச் சிலைகள் இரண்டு வந்தன. மாடிப்படியின் இருபுறமும் விளக்கேந்தி நிற்கும் ஆப்பிரிக்க இளைஞர்கள். தலைப்பாகையும் பாவாடையும் பொன்முலாம். உடம்பு மட்டும் அடுப்புக்கரி நிறம். பட்டறையில் மருந்து ஏற்றிக் கொண்டுவந்த கருப்பு அது.

ஏலத்துக்கு முந்தின நாள் காலையில் எங்கள் கடை முதலாளியான துரை, "பளபளன்னு இருக்கணும்" என்று துப்புரவுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். அந்த அம்மாள் ரங்கூனின் பசுந்தாங்குப் பேட்டையிலிருந்து வருபவர். நான் கிடங்கிலிருந்து திரும்பியபோது அவர் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு சிலையின் முகத்தில் கருப்பே இல்லை.

"என்னம்மா செஞ்சிட்டீங்க?"

"வெங்கலம்னா புளிதானே கிராணியாரே? பாவம், எத்தன வருசப் புகையோ! லேசுல கெளம்ப மாட்டேங்குது."

"அது புகையில்லம்மா. அவங்க நிறம் அதுன்னு செஞ்சே அனுப்பியிருக்காங்க."

அவர் கை நின்றது. முந்தின மாதம் பீங்கான் சாடியைக் கீறியவரைத் துரை அன்றைக்கே அனுப்பிவிட்டிருந்தார். இந்த அம்மாளின் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

"எனக்கு வேல போச்சா?"

விளக்குக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவிப் பார்த்தோம். சிலையில் ஒட்டவில்லை, அம்மாளின் கையில்தான் ஒட்டியது.

"இவரு என்னையக் கருப்பாக்குறாரே ஒழிய, தான் ஆகமாட்டேங்குறாரே!" என்று கவலைக்கு நடுவிலும் சிரித்தார்.

அதற்குள் சரக்குப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மழைக்கு ஒதுங்கிய ஆப்பிரிக்கர் ஒருவரும் வந்தார். கப்பல் கொதிகலனுக்குக் கரி தள்ளுபவர். சிலைகளைச் சுற்றிவந்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை நான் அம்மாளுக்குத் தமிழில் சொன்னேன்.

"இந்தப் பாவாடைய அவங்க ஊர்ல யாரும் கட்டுறதில்லையாம்."

பிறகு அவர் தம் முன்கையைத் துலக்கிய கன்னத்தின் அருகே வைத்தார். அதே பழுப்பு. கரி தள்ளிவிட்டு மேலே வரும்போது தாம் அந்தக் கருப்புச் சிலைபோல இருப்பதாகவும், குளித்தபின் இதைப்போல இருப்பதாகவும் சொன்னார்.

"அப்ப நான் குளிப்பாட்டித்தான் விட்டிருக்கேன். அத தொரைகிட்டயும் சொல்லச் சொல்லுங்க!"

துரை உள்ளே வந்து சிலையைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. கப்பல்காரர் தயங்காமல் மறுபடி கையை வைத்துக் காட்டி, கரிக் கதையையும் குளியல் கதையையும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துரை கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார்.

"ஜோடி ஒரே மாதிரி வேணும்" என்றார் தம் தமிழில். பிறகு கருப்பாகவே நின்ற மற்றச் சிலையைக் காட்டினார். "அதையும் தேய்."

மாலைக்குள் இரண்டும் பழுப்பாயின. அப்போதுதான் கருப்பு மறைத்திருந்ததைக் கண்டேன். ஒருவனுக்குப் புருவத்தில் சிறு தழும்பு. மற்றவன் உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கும் கோடு. சிற்பி இரண்டு நிஜ மனிதர்களை உற்றுப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, எந்த ஊரிலும் இல்லாத உடையை மாட்டியிருக்கிறார்.

மறுநாள் ஏலத்தில் ஜோடி பிரியாமல் ஒரே வீட்டுக்குப் போயிற்று. திங்கட்கிழமை அம்மாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். வாசலில் நின்ற துரை கையை நீட்டி, புளிப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்.